டிஃபரன்ஷியல் ஆயில் சீல் கசிகிறதா? சிங்கப்பூரில் வீட்டிலேயே மாற்ற ஒரு வழிகாட்டி

கியர்பாக்ஸிலிருந்து முன்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. உள்ளே இருக்கும் எண்ணெய் வெளியே வராமல் தடுப்பது அதுதான். பெயர் டிஃபரன்ஷியல் ஆயில் சீல். சிலர் டிரைவ்ஷாஃப்ட் சீல் என்பார்கள். சிஓஇ (வண்டி வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டும் பழைய வண்டிகளில் இது கசிவது சாதாரணம். ரப்பர் சூட்டில் இறுகிவிடும், அவ்வளவுதான்.

என் வண்டியில் கசிந்தபோது ஒரு பட்டறையில் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும் என்றார்கள். இன்னொரு பட்டறையில் இரண்டு பக்க ஷாஃப்டையும் மாற்றச் சொன்னார்கள். கடைசியில் மாறியது ஒரு சீல், ஒரு நட்டு, ஒரு சின்ன வளையம், கொஞ்சம் எண்ணெய். இதைப் பற்றித் தமிழில் விவரமாக எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. அடுத்து செய்பவர் நான் பட்ட பாட்டைப் பட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீலைத் தட்டிப் பொருத்துவது சில நிமிட வேலை. எந்த இடத்தில் வைத்துச் செய்வது, எந்தச் சீல் வாங்குவது, பழையது ஏன் கசிந்தது, எண்ணெயை எந்த அளவுக்கு நிரப்புவது, இந்த நான்கிலும்தான் வேலை கெடும். அதனால் அவற்றைத்தான் நீட்டி எழுதியிருக்கிறேன்.

என்னுடையது டொயோட்டா வியோஸ், நான்கு கியர் ஆட்டோமேட்டிக் (சுருக்கமாக ஆட்டோ). கீழே வரும் அளவுகள் அந்த வண்டிக்கு உரியவை. உங்கள் வண்டிக்கான அளவுகளை அதன் சர்வீஸ் மேனுவலில் பார்த்து எழுதி வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

1. யார் செய்யலாம், யார் வேண்டாம்

முன்சக்கரம் இழுக்கும் வண்டி, கேரண்டி முடிந்துவிட்டது, சொந்த வண்டி என்றால் செய்யலாம். முகவரின் கேரண்டி இன்னும் இருந்தால் தொடாதீர்கள், அவர்களிடமே கொண்டுபோங்கள். தனியார் வாடகை ஓட்டுநர்கள் எடுத்திருக்கும் வாடகை வண்டியையும் நாமாகக் கழற்றக் கூடாது. வண்டியை வாடகைக்குக் கொடுத்த கம்பெனிக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஹையேஸ் போன்ற பின்சக்கரம் இழுக்கும் வேன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. அதில் நடுவில் நீளமான ஷாஃப்ட் வந்து சேரும் இடத்தில் இருப்பது பினியன் சீல். அந்த நட்டை இறுக்கும் அளவுதான் உள்ளேயிருக்கும் பேரிங்கின் இறுக்கத்தையே தீர்மானிக்கிறது. அதிகமாக இறுக்கினால் பேரிங் போய்விடும், குறைத்தால் பல்சக்கரம் சத்தம் போட ஆரம்பிக்கும். அதைப் பட்டறைக்கு விடுங்கள். பின்சக்கர டிரம்முக்குள் எண்ணெய் கசிந்தால் இன்னும் அவசரம், பிரேக் பிடிக்காது. அப்படியே ஓட்ட வேண்டாம்.

2. கசிவது அந்தச் சீல்தானா என்று உறுதி செய்யுங்கள்

தரையில் சொட்டும் எல்லாமே எண்ணெய் ஆகாது. நம் ஊர் சூட்டில் ஏர்கான் ஓடினால் வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டும். தொட்டால் பிசுபிசுப்பு இருக்காது, மணமும் இருக்காது. அதை விட்டுவிடலாம்.

எண்ணெய் என்றால் விரலில் எடுத்துப் பாருங்கள். கறுப்பு அல்லது கரும்பழுப்பு என்றால் பெரும்பாலும் எஞ்சின் ஆயில். சிவப்பு, அல்லது பழைய சிவப்பு மங்கிய பழுப்பு என்றால் ஆட்டோ கியர் எண்ணெய். மேனுவல் கியர் எண்ணெயில் கந்தக நெடி அடிக்கும், ஒருமுறை முகர்ந்தால் மறக்காது. கெட்டியான கறுப்புக் கிரீஸ் சக்கரத்தின் உட்புறம் வட்டமாகத் தெறித்திருந்தால் அது சிவி ஜாயின்ட்டின் (ஷாஃப்டில் மடங்கும் மூட்டு) ரப்பர் உறை கிழிந்தது. அது வேறு வேலை.

பலர் ஏமாறுவது இங்கேதான். எஞ்சினின் மேல்மூடி கேஸ்கெட்டில் கசியும் எண்ணெய் வழிந்து இறங்கி, சீல் இருக்கும் இடத்தில் வந்து சொட்டும். அதனால் முதலில் அந்தப் பகுதி முழுவதையும் பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்துக் காய வையுங்கள். ஓரிரு நாள் வழக்கம்போல ஓட்டுங்கள். இரவில் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள். அப்புறம் டார்ச் அடித்துப் பார்த்தால், ஷாஃப்ட் உள்ளே நுழையும் விளிம்பில் மட்டும் ஈரம் இருந்து மேலே எல்லாம் காய்ந்திருந்தால், சீல்தான். ஷாஃப்ட் சுற்றும்போது எண்ணெயை வீசுவதால் பக்கத்துத் தகடுகளில் வரிவரியாகத் தெறித்திருப்பதும் தெரியும்.

ஷாஃப்டின் உள்முனையைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். துளி அசைவு எல்லா வண்டியிலும் இருக்கும். நன்றாக ஆடினால் உள்ளே பேரிங் தேய்ந்திருக்கலாம். அப்படியானால் எத்தனை சீல் மாற்றினாலும் நிற்காது. கியர்பாக்ஸின் மேலே மூச்சுக்குழாய் ஒன்று இருக்கும், அது சேறு அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் கூடி, எண்ணெய் புதுச் சீலையும் தாண்டி வரும். அதைச் சுத்தம் செய்யக் காசு எதுவும் ஆகாது, ஆனால் பார்க்காமல் விடுபவர்கள்தான் அதிகம்.

3. இடம்: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கார் நிறுத்துமிடத்தில் செய்யக் கூடாது

புதிதாக வண்டி வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். வீவக கார் நிறுத்துமிடத்தில் வண்டியைப் பழுதுபார்க்க விதிமுறை இடம் தராது. அவசரத்துக்கு டயர் மாற்றுவது வேறு, சக்கரத்தைக் கழற்றி எண்ணெய் வடிப்பது வேறு. பல மாடி நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். சாலையோரமும் ஆகாது.

ஆக, தரைவீட்டில் இருக்கும் அண்ணனோ, அத்தையோ, நண்பரோ யாராவது போர்ட்டிகோவைத் தர வேண்டும். நாள் முழுக்க வண்டி அங்கேயே நிற்கும், அவர்கள் வண்டி வெளியே போக முடியாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அப்படி இடம் கிடைக்காதவர்கள், தெரிந்த பட்டறைக்காரரிடம் லிஃப்டை சில மணி நேரத்துக்கு வாடகைக்குக் கேட்டுப் பார்க்கலாம். சிலர் சம்மதிப்பார்கள்.

போர்ட்டிகோ கிடைத்ததும் தரையைப் பாருங்கள். இங்கே பெரும்பாலான வீடுகளில் போர்ட்டிகோ வாசல் பக்கம் லேசாகச் சரிந்திருக்கும், மழைத்தண்ணீர் முன்னால் இருக்கும் வாய்க்காலுக்கு ஓட வேண்டும் என்பதற்காக. நீங்கள் சிந்தும் எண்ணெயும் அதே வழியில்தான் ஓடும். அந்த வாய்க்கால் தண்ணீர் கடைசியில் நீர்த்தேக்கத்துக்கோ கடலுக்கோ போகிறது, அதில் எண்ணெய் விடுவது சட்டப்படி குற்றம். சரிவின் கீழ்ப்பக்கம் பூனை மணலை (பூனைக் கழிவுக்குப் போடும், ஈரம் உறிஞ்சும் மணல்) ஒரு வரப்பு மாதிரி கொட்டி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பளபளப்பான ஓடு பதித்த தரையில் ஜாக் ஸ்டாண்டை நேரடியாக வைத்தால் ஓடு உடையும், வழுக்கவும் செய்யும். கனமான பிளைவுட் பலகை போட்டு அதன்மேல் வையுங்கள்.

ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் ஒரு நொடிகூடக் கையை விடாதீர்கள். ஸ்டாண்டில் இறக்கி, வண்டியைக் கையால் உலுக்கிப் பார்த்து, அசையவில்லை என்றால் மட்டும் அடியில் போங்கள். தனியாகச் செய்ய வேண்டாம். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.

4. ஆவணமும் பாகமும்

உதிரிபாகக் கடையில் “வியோஸ் சீல் ஒன்று” என்று கேட்டு வாங்காதீர்கள். ஒரே பெயரில் வரும் வண்டிகளிலேயே ஆண்டுக்கு ஆண்டு கியர்பாக்ஸ் மாறும். முகவர் இறக்கியதற்கும் பேரலல் இம்போர்ட் வண்டிக்கும் வித்தியாசம் இருக்கலாம். சேசிஸ் எண்ணைக் கொடுத்து, அதற்குரிய பாக எண்ணைக் கேளுங்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் சிங்பாஸ் (அரசு மின்னடையாளக் கணக்கு) வழியாக நுழைந்தால் வண்டியின் பதிவு விவரத்தில் அந்த எண் இருக்கும். வண்டியிலேயே பொறித்திருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இடது சீலும் வலது சீலும் வேறு வேறாக இருக்கலாம். சில சீல்களின் உதட்டில் சாய்ந்த வரிகள் இருக்கும், ஷாஃப்ட் சுற்றும் திசைக்கு ஏற்ப எண்ணெயை உள்ளே தள்ளுவதற்காக. பக்கம் மாற்றிப் போட்டால் அதுவே வெளியே தள்ளும். வெளிமுகத்தில் அம்புக்குறி இருந்தால் வண்டி முன்னால் போகும்போது சக்கரம் சுற்றும் திசையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

சீலோடு சேர்த்து வாங்க வேண்டியவை: ஆக்ஸில் நட்டு (சக்கரத்தின் நடுவில் ஷாஃப்டைப் பிடிக்கும் பெரிய நட்டு) புதிது, ஷாஃப்டின் உள்நுனியில் இருந்து அதைக் கியர்பாக்ஸுக்குள் பிடித்து வைக்கும் சின்ன வளையமான ஸ்னாப் ரிங் புதிது, டை ராடு (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) முனைக்கு, நட்டு கழலாமல் பூட்டும் காட்டர் பின், எண்ணெய் வடிக்கும் போல்ட்டின் வாஷர், பிரேக் கிளீனர் இரண்டு டப்பா, உங்கள் மேனுவலில் சொல்லியிருக்கும் அதே எண்ணெய். என் வண்டிக்கு டொயோட்டா டபிள்யூஎஸ். “எல்லாத்துக்கும் போடலாம்” என்று விற்கும் எண்ணெயை, அதுவும் சிவிடி (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோ) வண்டியில், போடவே போடாதீர்கள்.

ஜாலான் புசார், ஊபி, காக்கி புக்கிட் பக்கம் கடைகள் உண்டு. பழைய சீலின் படத்தைக் கைப்பேசியில் காட்டினாலே அனுபவமுள்ள அங்கிள்கள் சரியான கேள்வியைக் கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். அதனால் எல்லாவற்றையும் வார நாளிலேயே வாங்கிவிட்டு, சனிக்கிழமை காலையில் தொடங்குங்கள். நடுவில் ஏதாவது உடைந்தாலும் அன்று மதியத்துக்குள் ஓடிப்போய் வாங்க முடியும். ரசீதுகளை ஒரு உறையில் போட்டு வையுங்கள்.

அதே அளவு, அதே வகைப் பாகத்தை மாற்றுவது வண்டியில் மாற்றம் செய்வதாகாது, நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி தேவையில்லை. ஆனால் ஆய்வு நாளைக் கவனியுங்கள். மூன்று வயதிலிருந்து பத்து வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பத்து வயதைத் தாண்டினால் ஆண்டுதோறும் ஆய்வு. அங்கே வண்டியின் அடிப்பக்கத்தையும் பார்ப்பார்கள். ஆய்வுக்கு முந்தைய நாள் இந்த வேலையை வைத்துக்கொள்ளாமல், இரண்டு வாரமாவது முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

5. செலவும் நேரமும்

எனக்கு ஆன கணக்கு இது. சீல், நட்டு, ரிங், வாஷர் எல்லாம் சேர்த்து சுமார் 40 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). எண்ணெய் நான்கு லிட்டர் சுமார் 80 வெள்ளி. கிளீனர், கையுறை, பூனை மணல் சுமார் 25 வெள்ளி. நேர்மையான ஒரு பட்டறையில் கேட்டபோது எண்ணெயோடு சேர்த்து 280 வெள்ளி சொன்னார்கள்.

அதாவது ஜாக்கி, ஸ்டாண்ட், டார்க் ரெஞ்சு (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பானர்), 30 மில்லிமீட்டர் சாக்கெட், நீளக் கைப்பிடி எல்லாம் புதிதாக வாங்க வேண்டியவருக்கு இந்த ஒரு வேலையில் காசு மிஞ்சாது. கருவிகள் இருப்பவருக்கும், இனித் தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்ள நினைப்பவருக்கும்தான் இது லாபம். ஜோகூர் பாருவில் கூலி குறைவுதான். ஆனால் எண்ணெய் கசியும் வண்டியோடு கடற்பாலத்தில் நெரிசலில் நிற்பதும், முக்கால் டாங்க் பெட்ரோல் போட்டுக்கொண்டு போவதும், மறுபடி கசிந்தால் மறுபடி போவதும் இருக்கிறது. எனக்கு அது சரிப்படவில்லை.

நேரத்துக்கு முழு நாள் ஒதுக்குங்கள். அனுபவமுள்ளவருக்கு இரண்டு மூன்று மணி நேரம் போதும். முதல்முறை செய்பவருக்கு ஆக்ஸில் நட்டே ஒரு மணி நேரம் எடுக்கும்.

6. கழற்றுவது

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நடு மூடியை எடுத்துவிட்டு ஆக்ஸில் நட்டைப் பாருங்கள். அதன் விளிம்பை ஓரிடத்தில் ஷாஃப்டின் பள்ளத்துக்குள் அடித்து மடக்கியிருப்பார்கள். சின்ன உளியால் அந்த மடிப்பை முழுக்க நிமிர்த்துங்கள். அரைகுறையாக நிமிர்த்திச் சுற்றினால் ஷாஃப்டின் மரை போய்விடும், அப்புறம் ஷாஃப்டையே மாற்ற வேண்டும். ஒருவர் பிரேக்கை மிதிக்க, நீளக் கைப்பிடியால் நட்டைத் தளர்த்துங்கள். சக்கர நட்டுகளையும் லேசாகத் தளர்த்திவிட்டு, வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள்.

எண்ணெயை வடிப்பதற்கு முன் ஒன்று. டிப்ஸ்டிக் (எண்ணெய் மட்டம் பார்க்கும் குச்சி) இல்லாத கியர்பாக்ஸில், நிரப்பும் போல்ட் கழல்கிறதா என்று முதலில் பாருங்கள். அது கழன்ற பிறகே வடிக்கும் போல்ட்டைத் தொடுங்கள். இல்லையென்றால் எண்ணெயில்லாத வண்டியோடு மாட்டிக்கொள்வீர்கள், இழுவை வண்டிதான் வர வேண்டியிருக்கும். வடிந்த எண்ணெயை அளவுகோடு போட்ட குடுவையில் ஊற்றி, எத்தனை லிட்டர் என்று குறித்துவையுங்கள். என் வண்டியில் ஏறக்குறைய மூன்று லிட்டர் வந்தது.

சக்கரத்தை எடுங்கள். ஏபிஎஸ் வயரையும் பிரேக் ஹோஸையும் பிடித்திருக்கும் கிளிப்புகளைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் இழுபட்டு அறுந்துபோகும். டை ராடு முனையையும், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கீழ்க்கையில் (லோயர் ஆர்ம்) இருக்கும் பால் ஜாயின்ட்டையும் பிரியுங்கள். என் வண்டியில் பால் ஜாயின்ட் ஒரு போல்ட்டிலும் இரண்டு நட்டிலும் நிற்கிறது. இப்போது சக்கரத்தைத் தாங்கும் பகுதியை வெளியே சாய்த்தால் ஷாஃப்டின் வெளிநுனி உள்ளே போகும். போகவில்லை என்றால் பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டுங்கள். இரும்புச் சுத்தியலால் மரையின் மேல் அடிக்கக் கூடாது.

உள்முனையைக் கியர்பாக்ஸிலிருந்து எடுக்கும்போது ஷாஃப்டைப் பிடித்து இழுக்காதீர்கள். உள்ளே இருக்கும் ஜாயின்ட் பிரிந்து, உறைக்குள் உருளைகள் விழுந்துவிடும். கியர்பாக்ஸுக்கும் ஜாயின்ட்டின் கிண்ணத்துக்கும் நடுவில் கடப்பாரைக் கம்பியை வைத்து வெடுக்கென்று ஒரு நெம்பு நெம்பினால் ஸ்னாப் ரிங் விட்டு வெளியே வரும். கூடவே எண்ணெயும் வரும், தட்டு கீழே இருக்கட்டும்.

7. சீல்

பழையதைப் பிடுங்குவதற்கு முன், அது ஓட்டையின் விளிம்பிலிருந்து எவ்வளவு உள்ளே உட்கார்ந்திருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். சில சீல் விளிம்போடு சமமாக நிற்கும், சில உள்ளே தள்ளி நிற்கும். படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சீல் புல்லரால் நெம்பி எடுங்கள். அலுமினிய ஓட்டையின் உட்சுவரில் கீறல் விழுந்தால் அந்தக் கீறல் வழியாகவே எண்ணெய் வரும், அதனால் ஸ்குரூடிரைவரை வைத்துக் குத்தாதீர்கள். எடுத்த பழைய சீலின் உதட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். புதியது வளைந்து கொடுக்கும், பழையது பிளாஸ்டிக் போல விறைத்திருக்கும். அப்படி இருந்தால் கசிவுக்குக் காரணம் வயதுதான், நிம்மதி.

இப்போது ஷாஃப்டில் சீல் உராயும் பட்டையைத் துடைத்துவிட்டு, நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் மாட்டாத மினுமினுப்புக் கோடு பரவாயில்லை. நகம் மாட்டும் பள்ளம் என்றால் புதுச் சீலும் கசியும். அதற்கு மெல்லிய உலோக உறை ஒன்றைப் பட்டையின்மேல் ஏற்றலாம், எஸ்கேஎஃப் நிறுவனத்தின் ஸ்பீடி ஸ்லீவ் அந்த வகை. பள்ளம் ஆழமானால் ஷாஃப்டை மாற்றுவதே மேல்.

ஓட்டையைத் துடைத்து, புதுச் சீலின் உதட்டில் அதே கியர் எண்ணெயைத் தடவுங்கள். உலர்ந்த உதடு முதல் சுற்றிலேயே கருகும். சீலின் வெளிவிட்டத்துக்கு ஏற்ற பெரிய சாக்கெட்டையோ, முனை நேராக அறுத்த பிவிசி குழாயையோ வைத்து, சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் உள்ளே போனால் நிறுத்தி நேராக்குங்கள். எழுதி வைத்த ஆழம் வந்ததும் விட்டுவிடுங்கள்.

8. திரும்ப மாட்டுவது

புது ஸ்னாப் ரிங்கை அதன் வாய்ப்பகுதி கீழ்நோக்கி இருக்கும்படி வைத்து ஷாஃப்டை நுழையுங்கள். பல்வரிசை சீலின் உதட்டைக் கிழிக்காமல் போக, ஷாஃப்டின் எடையைக் கையில் தாங்கிக்கொண்டு நேராகத் தள்ள வேண்டும். புதுச் சீல் கெடுவது பெரும்பாலும் இந்தச் சில நொடிகளில்தான். டக்கென்று உட்காரும் சத்தம் கேட்கும். கிண்ணத்தைப் பிடித்து லேசாக இழுத்தால் வெளியே வரக் கூடாது.

மற்றவற்றைக் கழற்றிய வரிசைக்குத் தலைகீழாக மாட்டி, மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். என் வண்டியில் ஆக்ஸில் நட்டு 216 நியூட்டன் மீட்டர், சக்கர நட்டு 103. புது ஆக்ஸில் நட்டின் விளிம்பை அடித்து மடக்க மறக்காதீர்கள். ஆக்ஸில் நட்டு இறுகாமல் வண்டியின் எடையைச் சக்கரத்தில் இறக்கி நகர்த்தினால் சக்கர பேரிங் கெடும்.

9. எண்ணெய் அளவு

கசிந்த சீலால் கியர்பாக்ஸ் சாவது குறைவு. எண்ணெய் அளவு தவறித்தான் சாகிறது. முதலில் வடிந்த அளவை அப்படியே ஊற்றுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி கியரை பி-யிலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றாக நகர்த்தித் திரும்பக் கொண்டுவாருங்கள். கொஞ்ச தூரம் ஓட்டி, எண்ணெய் 70 முதல் 80 டிகிரி செல்சியஸ் வந்ததும், எஞ்சின் ஓடும்போதே டிப்ஸ்டிக்கில் ‘ஹாட்’ எல்லைக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே கசிந்து போனது இருப்பதால் கொஞ்சம் கூடத் தேவைப்படும், சிறிது சிறிதாக ஊற்றுங்கள். கூடினாலும் நுரைத்துக் கெடுதல்தான்.

டிப்ஸ்டிக் இல்லாத ஆட்டோ கியருக்கும் சிவிடிக்கும் குறிப்பிட்ட வெப்பநிலையில், வண்டி சமமாக நிற்கும்போது, போல்ட் வழியாக வழியும் அளவை வைத்துத்தான் பார்க்க முடியும். சரிந்த போர்ட்டிகோவில் அது சரியாக வராது. என் கருத்தில் அப்படிப்பட்ட வண்டிக்கு இந்த ஒரு படியை மட்டுமாவது பட்டறையில் செய்துகொள்ள வேண்டும். அங்கே போய்ச் சேரும்வரை குறையாமல் இருக்க, வடிந்த அளவையாவது முழுதாக ஊற்றிவிட்டுப் போங்கள்.

10. வேலை முடிந்த பிறகு

பழைய எண்ணெயை மூடியுள்ள கேனில் ஊற்றி, தெரிந்த பட்டறையில் கொடுங்கள். கழிவு எண்ணெயை எடுக்க உரிமம் பெற்றவர்கள் அவர்களிடம் வந்து எடுத்துப்போவார்கள். சிலர் இலவசமாக வாங்கிக்கொள்வார்கள், சிலர் சில வெள்ளி கேட்பார்கள். கொடுத்துவிடுங்கள். குப்பைத் தொட்டியிலும் கழிவறையிலும் ஊற்றக் கூடாது. எண்ணெய் ஊறிய மணலையும் துணியையும் தனிப் பையில் கட்டி, அதே பட்டறையில் வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள்.

சில நாள் ஓடிய பிறகு சக்கர நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். ஒரு வாரம் கழித்து அட்டையை அடியில் விரித்துப் பாருங்கள். முதல் இரண்டு நாள் லேசான ஈரம் தெரிந்தால் பயப்பட வேண்டாம், வேலையின்போது இடுக்கில் தங்கிய எண்ணெய் அது. துடைத்துவிட்டு மீண்டும் பாருங்கள். வாரம் தாண்டியும் புதிதாக ஈரம் வந்தால் சீலை மறுபடி மாற்றப் போகாதீர்கள். மூச்சுக்குழாய், ஷாஃப்டின் பள்ளம், பேரிங் ஆட்டம், இந்த வரிசையில் பாருங்கள். பேரிங்தான் என்றால், அளந்து எழுதிய குறிப்புகளையும் படங்களையும் கையில் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். என்ன பார்த்தீர்கள், என்ன மாற்றினீர்கள் என்று காட்டினால், தேவையில்லாததை உங்கள் தலையில் கட்ட மாட்டார்கள்.